ஸ்லீவ்மோர் – கூரையில்லாத வீடுகளின் ஊர்

அயர்லாந்து கிராமத்து முகவரி ஒன்றை நம்ம ஊர் தபால்காரரிடம் கொடுத்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். கதவு எண் இருக்காது. தெருப் பெயர் இருக்காது. ஆள் பெயர், அதற்குக் கீழே ஏதோ ஒரு சின்ன இடத்தின் பெயர், பக்கத்து ஊர், மாவட்டம். முடிந்தது. 2015இல் வீட்டுக்கு வீடு தனிக் குறியீடு கொடுக்கும் வரைக்கும் அந்த நாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முகவரிகள் தனித்துவம் இல்லாதவை. அதாவது உங்கள் முகவரியும் பக்கத்து வீட்டுக்காரர் முகவரியும் ஒன்றேதான். தபால்காரருக்கு ஆளைத் தெரியும், அதனால் வண்டி ஓடியது.

அந்த ‘ஏதோ ஒரு சின்ன இடம்’தான் இன்றைக்கு மேட்டர். அதற்கு டவுன்லேண்ட் என்று பெயர். பெயரில் டவுன் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், பெரும்பாலானவற்றில் ஒரு பெட்டிக்கடைகூட இருக்காது. நம் பத்திரங்களில் ‘இன்ன கிராமம், உட்கடை இன்னது’ என்று வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. நிலத்தைப் பிரித்ததிலேயே ஆகச் சிறிய பங்கு. அயர்லாந்துத் தீவு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன, சராசரியாக ஒவ்வொன்றும் முந்நூறு ஏக்கர் சொச்சம். ஓர் ஓடை, ஒரு மேடு, ஒரு சதுப்பு, இவைதான் எல்லை. பெயர்கள் எல்லாம் ஐரிஷ் மொழியில் இருந்தவை, பிற்பாடு ஆங்கிலக் காதுக்குத் தோதாக மாற்றி எழுதப்பட்டவை. ‘பாலி’ என்று ஆரம்பித்தால் ஊர். ‘நாக்’ என்றால் குன்று. ‘ஸ்லீவ்’ என்றால் மலை, ‘மோர்’ என்றால் பெரிய. ஆக ஸ்லீவ்மோர் என்றால் பெரியமலை. எவ்வளவு நம்ம ஊர்த்தனமான பெயர் பாருங்கள்!

2018 கோடையில் வதோதராவிலிருந்து என்னை மூன்று மாதம் மேயோ மாவட்டத்து வெஸ்ட்போர்ட்டுக்கு அனுப்பினார்கள். மருந்துத் தொழிற்சாலை வேலை, அதைப் பற்றி எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும், விடுங்கள். வார நாட்களில் ஆலை, ஞாயிற்றுக்கிழமை மழை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்த்தவர் தன் காரில் அக்கில் தீவுக்கு அழைத்துப் போனார். அவருடைய பாட்டி அந்தத் தீவுக்காரர். “எங்க பக்கம் பார்க்க ஒண்ணும் இல்லை. காலி வீடுங்கதான் இருக்கு, பரவாயில்லையா?” என்றார். அறந்தாங்கிப் பக்கத்து ஆளிடம் கேட்கிற கேள்வியா இது!

தீவு என்றாலும் படகு தேவையில்லை. 1887இலேயே பாலம் போட்டுவிட்டார்கள். இப்போது இருப்பது 2008இல் கட்டியது, ஆனால் பெயர் அதே மைக்கேல் டேவிட் பாலம். இந்த டேவிட் மேயோக்காரர். நாலு வயதில் குடும்பத்தோடு வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், இங்கிலாந்துப் பஞ்சாலையில் சிறுவனாக வேலை பார்க்கும்போது கையை இழந்தவர், பின்னாளில் குத்தகைக்காரர்களைத் திரட்டி நிலச் சங்கம் ஆரம்பித்தவர். அந்தச் சங்கத்துக்காரர்கள் 1880இல் இதே மேயோவில் ஓர் எஸ்டேட் ஏஜெண்டுக்கு வேலையாள் கிடையாது, பால் கிடையாது, பேச்சு வார்த்தை கிடையாது என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஏஜெண்டின் பெயர் கேப்டன் பாய்காட். ஆமாம், நாம் தினம் உபயோகிக்கிற அதே பாய்காட். அதற்கு முன்னால் அந்த ஆள் பல வருஷம் குடியிருந்தது இந்த அக்கில் தீவில்தான்.

சரி, ஸ்லீவ்மோருக்கு வருவோம்.

சுமார் 670 மீட்டர் உயர மலை, தீவின் வடக்குப் பக்கம் ஒரே ஆளாக நிற்கிறது. டவுன்லேண்டின் பரப்பில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்கிறது, மனுஷன் குடியிருந்தது அதன் தெற்கு அடிவாரத்தில் ஒரு பட்டையில் மட்டும். அந்தப் பட்டை நெடுக, பழைய பாதை ஒன்றை ஒட்டி, கிட்டத்தட்ட ஒரு மைல் நீளத்துக்கு 80லிருந்து 100 வீடுகள். எல்லாமே கல்வீடு. ஒன்றுக்கும் கூரை இல்லை.

வீடுகள் பாதையைப் பார்த்து நிற்கவில்லை. பக்கவாட்டுச் சுவரைப் பாதைக்குக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் ஒரே அறை. ஒரு பக்கம் மனிதர்கள், பள்ளமான மறுபக்கம் மாடு. நடுவில் மாட்டு மூத்திரம் போக ஒரு வடிகால். சுவரில் மாடு கட்டும் கல் வளையம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மாட்டையும் உள்ளேயே கட்டினால் குளிர்காலத்தில் வீடு கதகதப்பாக இருக்கும், எருவும் வீணாகாது. (இதைப் போட்டோவில் காட்டியபோது தங்கமணி கேட்ட முதல் கேள்வி, “ஜன்னல் எங்கே?” பெரும்பாலான வீடுகளில் கதவுதான் ஜன்னல்.)

வீடுகளைச் சுற்றி மலைச்சரிவெல்லாம் நெளிநெளியாக வரிகள். தகரக் கூரையைப் போர்த்திவிட்டு மேலே புல் வளர்த்த மாதிரி இருக்கும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது தெளிவாகத் தெரிகிறது. உருளைக்கிழங்குப் பாத்திகள் அவை. மண்வெட்டியால் இரண்டு பக்கத்து மண்ணையும் வெட்டி நடுவில் மடக்கிப் போட்டு, கடற்பாசியைச் சுமந்து வந்து எருவாகக் கொட்டி உண்டாக்கியவை. இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் ‘சோம்பேறிப் பாத்தி’. கடற்கரையிலிருந்து ஈரப் பாசியைக் கூடையில் முதுகில் சுமந்து மலையேறுகிறவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைக்க ஏட்டில் கணக்கு எழுதுகிறவனால்தான் முடியும்.

நிலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ரண்டேல் என்று ஒரு முறை. ஊரே சேர்ந்து குத்தகைக்கு எடுக்கும், நல்ல மண், சுமார் மண், மோசமான மண் மூன்றிலும் ஆளுக்குக் கொஞ்சம் துண்டு துண்டாகப் பிரிக்கும். சில வருஷங்களுக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளும். தஞ்சைப் பக்கம் பங்காளிகளுக்குள் ‘கரையீடு’ என்று நிலத்தைச் சுழற்றியது ஞாபகம் வருகிறதா? ஆனால் அங்கே மிராசுதார்கள் செய்ததை இங்கே வாரக்குடிகள் செய்தார்கள், வாடகை மேலே ஒரு ஜமீனுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

1838 வாக்கில் அரசு சர்வேக்காரர்கள் வந்து இந்த ஊரை வீடு வீடாக வரைபடத்தில் ஏற்றினார்கள். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அயர்லாந்து முழுவதையும் அளந்த பெரிய வேலை அது. வரி போடத்தான், வேறெதற்கு? அதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. லாம்ப்டன் 1802இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பித்தாரே, அந்த இந்தியப் பெரு முக்கோண அளவையைப் பிற்பாடு நடத்தியவர் எவரெஸ்ட். அவர் விடுப்பில் போயிருந்தபோது 1829இல் அயர்லாந்துக்குப் போய் அங்கே சர்வே நடக்கும் விதத்தைப் பார்த்தார். சூட்டில் நீளம் மாறாத, இரண்டு உலோகத்தைச் சேர்த்துச் செய்த அளவுகோல்களை அவர்களிடம் கண்டு, அதே மாதிரி ஒரு செட் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அளந்த கோலும் ஒன்று, அளக்கச் சொன்ன ஆளும் ஒன்று!

அந்த வரைபடத்தில் ஸ்லீவ்மோர் ஒரு நெருக்கமான ஊர். இன்றைக்குப் போர்டில் எழுதியிருப்பது ‘கைவிடப்பட்ட கிராமம்’. நடுவில் என்ன நடந்தது?

கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “பஞ்சம்” என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். 1845இல் உருளைக்கிழங்குச் செடியில் பூஞ்சை மாதிரியான ஒரு நோய் வந்தது. ஏழைகள் எல்லோரும் லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பி இருந்தார்கள். அடுத்தடுத்து விளைச்சல் போனது. அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பல் ஏறினார்கள். இதெல்லாம் உண்மை, அக்கிலும் அடி வாங்கியது. ஆனால் ஸ்லீவ்மோரைப் பஞ்சம் ஒரே போடாகக் காலி செய்துவிடவில்லை. இந்த ஊர் காலியாக ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. எனக்கு அந்த மெதுவான கதைதான் முக்கியமாகப் படுகிறது.

பஞ்சத்துக்கு முன்பே 1831இல் எட்வர்ட் நாங்கிள் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார் தீவுக்கு வந்தார். மலையின் கிழக்குப் பக்கம் டூகார்ட்டில் மிஷன் காலனி அமைத்தார். பள்ளிக்கூடம், அனாதை விடுதி, அச்சகம், சொந்தப் பத்திரிகை என்று வெள்ளையடித்த கல்வீடுகளாக ஒரு குட்டி ஊரே எழுந்தது. பஞ்ச காலத்தில் சாப்பாடும் போட்டார்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த தீவில் சூப்புக்காக மதம் மாறினவர்கள் என்ற ஏச்சு ரொம்ப நாளைக்கு ஓடியது. மிஷன் இல்லாவிட்டால் இன்னும் பலர் செத்திருப்பார்கள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பசித்தவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தையும் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, எந்த மதமானாலும் சரி.

1850களின் தொடக்கத்தில் பழைய ஜமீன் கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்தது. தீவின் பெரும்பகுதியை வாங்கியது மிஷன். பாதிரியார்கள் ஜமீன்தார் ஆனார்கள். பொது மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஸ்லீவ்மோர்க் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே கடலோரத்து டூவா பக்கம் இறங்கினார்கள். மலையடிவாரத்தில் கிழங்கை நம்புவதைவிடக் கடலோரத்தில் மீனை நம்பலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. டூவாவுக்குப் போனவர்கள் ஸ்லீவ்மோரை விட்டுவிடவில்லை. கோடை வந்தால் மாடுகளை ஓட்டிக்கொண்டு பழைய வீடுகளுக்கே திரும்பினார்கள். இதற்கு ‘பூலி’ என்று பெயர். சின்னப் பிள்ளைகளும் குமரிப் பெண்களும் கோடை முழுக்க அங்கே தங்கி மாடு மேய்த்துப் பால் கறந்து வெண்ணெய் கடைவார்கள், கீழே பயிரை மாடு மேயாமல் இருக்கும். இலையுதிர்காலத்தில் இறங்கிவிடுவார்கள். ஐரோப்பாவின் இந்தக் கோடியில் மற்ற இடங்களில் எல்லாம் எப்போதோ நின்றுபோன இந்த வழக்கம் ஸ்லீவ்மோரில் 1940கள் வரை இருந்திருக்கிறது. அதாவது ‘கைவிடப்பட்ட’ வீடுகளில் பல, கைவிட்டபிறகும் இரண்டு மூன்று தலைமுறைக்கு வருஷா வருஷம் அடுப்பெரிந்த வீடுகள். கூட்டிப்போன நண்பரின் பாட்டி சிறுமியாக இருந்தபோது இந்தச் சரிவில் பால் வாளி தூக்கியவராம். எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டியைக் கேட்டு வைத்திருக்கலாம் என்றார்.

என் ஊர்ப் பக்கத்தில் இதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை, ஆனால் நாங்களும் செய்வது பூலிதான். மே மாதம் வதோதராவிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போய், பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, பத்து நாள் இருந்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுகிறோம். மாடு மட்டும்தான் இல்லை. அப்பா போன பிறகு அம்மா சென்னையில் அண்ணனோடு. “டேய், விலை வரும்போதே கொடுத்துடலாம்டா. யாரு போய் இருக்கப் போறா?” என்று அண்ணன் மூன்று வருஷமாகச் சொல்கிறார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. என் பெண்ணுக்குக் குஜராத்தி தமிழைவிடச் சரளம், அந்த வீட்டுக் கிணற்றடியில் அவளுக்குப் பயம். ஆனால் ஸ்லீவ்மோரின் நடுப்பாதையில் நிற்கும்போது ஒரு கேள்வி வந்தது: இந்த வீடுகளில் எதற்கு, எந்த வருஷம், யார் கடைசியாக வந்துவிட்டுப் போனார்கள்? அடுத்த கோடைக்கு வருகிற நினைப்பில்தானே கதவைச் சாத்தியிருப்பார்கள்?

சரி, புலம்பல் போதும்.

தீவு காலியானதற்கு இன்னொரு பெரிய காரணம் ஸ்காட்லாந்து. ஜூனில் இளவட்டங்கள் கூட்டமாகக் கிழங்கு தோண்டக் கிளம்பினால் சம்பாதித்துக்கொண்டு இலையுதிர்காலத்தில் திரும்புவார்கள். அந்தக் காசில்தான் இங்கே வாடகை கட்டினார்கள். 1894 ஜூன் 14 அன்று அப்படிக் கிளம்பிய ஒரு கூட்டம் பாய்மரப் படகில் வெஸ்ட்போர்ட் துறைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறியிருந்தார்கள். கிளாஸ்கோ போகும் நீராவிக் கப்பலைக் கண்ட ஆசையில் எல்லோரும் ஒரு பக்கமாகக் குவிந்தார்கள். படகு கவிழ்ந்தது. 32 பேர் போனார்கள், பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்கள். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கிலுக்கு ரயில் பாதை அப்போது இன்னும் முடியவில்லை, திறப்பு விழா நடக்கவில்லை. அவசரமாக ஒரு வண்டியை விட்டு உடல்களைக் கொண்டுபோனார்கள். அக்கிலுக்குப் போன முதல் ரயில் அதுதான்.

43 வருஷம் கழித்து, 1937 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக் என்ற ஊரில் கிழங்கு தோண்டப் போனவர்கள் தூங்கிய கொட்டகை தீப்பிடித்து அக்கில் பையன்கள் பத்துப் பேர் கருகிப்போனார்கள். கடைசிப் பையனுக்கு வயது 13. பாதையை மூடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. உடல்களைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி வந்தது. அதே மாதக் கடைசியில் ரயில் நின்றுவிட்டது. முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணம் சுமக்கும் என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் குறி சொல்லிவிட்டார் என்று அங்கே ஒரு கதை உண்டு. குறி கிடக்கட்டும். இரண்டு வண்டியிலும் வந்தவர்கள் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போன பிள்ளைகள், அதற்குக் குறி சொல்ல ஞானதிருஷ்டி தேவையில்லை. இரண்டு விபத்திலும் இறந்தவர்கள் தீவின் தென்கிழக்கு முனையில் கில்டாவ்னெட் கல்லறையில் இருக்கிறார்கள். ரயில் பாதை இருந்த தடத்தில் இப்போது சைக்கிள் பாதை. வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 40 கிலோமீட்டர் சொச்சம், அருமையான பாதை. அடுத்த ஞாயிறு நானும் கொஞ்ச தூரம் மிதித்தேன், ஆனால் இந்தக் கதை தெரிந்தபின் ஹாயாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு மிதிக்க முடியவில்லை.

கப்பலேறிப் போனவர்களில் ரொம்பப் பேர் அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் குடியேறினார்கள். இன்றைக்கு அந்த நகரமும் அக்கிலும் இரட்டை ஊர்கள்.

ஸ்லீவ்மோரில் வீடுகள் மட்டும் இல்லை. அதே சரிவில் 5,000 வருஷத்துக்கு முந்தைய பெருங்கற்கால ஈமக்கல்லறைகள் இருக்கின்றன. நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்திட்டைகளைவிடக் காலத்தால் மூத்தவை. மேற்கே நெப்போலியன் படையெடுத்து வந்துவிடுவான் என்று பயந்து 1800களின் தொடக்கத்தில் கட்டிய காவல் கோபுரத்தின் இடிபாடு. ஊர் முனையில் கல்லறைத் தோட்டம். ஆக, கல்லறையில் ஆரம்பித்துக் கல்லறையில் முடிகிறது, நடுவில் கொஞ்ச காலம் அடுப்புப் புகை. 1991 முதல் ஒரு தொல்லியல் கோடைப் பள்ளி இங்கே மாணவர்களை வைத்து வேலை செய்திருக்கிறது. ராஜா ராணி அரண்மனையைத் தோண்டுவதை விட்டுவிட்டு ஓர் ஏழையின் ஒற்றை அறை வீட்டை வருஷக்கணக்கில் அங்குலம் அங்குலமாகத் தோண்டியதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம்.

எழுத்தாளர்களில் ஹைன்ரிஷ் ப்யோல் என்ற ஜெர்மன்காரர் 1950களில் இங்கே குடும்பத்தோடு வந்து தங்கினார். போரில் குண்டு விழுந்து தரைமட்டமான கொலோன் நகரத்துக்காரர். 1957இல் வந்த தன் அயர்லாந்துப் பயண நூலில் இந்த ஊருக்கு ஓர் அத்தியாயமே கொடுத்திருக்கிறார். 1972இல் நோபல் பரிசு வாங்கியவர். டூகார்ட் பக்கம் அவர் இருந்த வீட்டில் இப்போது எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து தங்கி வேலை செய்ய இடம் கொடுக்கிறார்கள்.

கூரை எங்கே போனது என்று நண்பரைக் கேட்டேன். தீவில் மரமே கிடையாது, உத்தரக் கட்டை தங்கம் மாதிரி, போகிறவர்கள் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றார். மேலே வேய்ந்த புல் தானாக மக்கிவிடும். கூரை போனால் அந்த ஊர் மழையில் சுவருக்கு ஆயுசு எண்ணித்தான். திரும்பி வந்ததும் அண்ணனிடம் விற்கிற பேச்சை நான் எடுக்கவில்லை. மேற்குப் பக்கத்து நாட்டு ஓடு எத்தனை நழுவியிருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னேன். நாற்பது ஓடும் இரண்டு சட்டமும் மாற்ற வேண்டியிருந்தது. “காசைக் கரியாக்குறே” என்று திட்டிக்கொண்டே ஆள் பிடித்து மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பக்கம் வேலையாகப் போகிறவர்களுக்கு: டப்ளினிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு நேராக ரயில் இருக்கிறது, மூன்றே கால் மணி நேரம். அங்கிருந்து அக்கிலுக்குப் பஸ் உண்டு, ஆனால் குறைவு, கார் இருந்தால் உத்தமம். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம், நுழைவுச் சீட்டெல்லாம் இல்லை. தரை முழுக்கச் சொதசொதவென்று இருக்கும், செருப்போடு போகாதீர்கள். போட்டோவுக்காகச் சுவர் மேல் ஏறாதீர்கள், சுண்ணாம்புகூட இல்லாமல் கல்லை அடுக்கியது, சரிந்துவிடும். முதுகில் கலர் அடித்த ஆடுகள் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், பயப்பட வேண்டாம்.